மேற்கோள் பட்டியல்

கண் மருத்துவ ஆய்விதழ் ஒன்றுக்கு டாக்டர் மெஹருன்னிசா ஆசிரியராக இருந்தார். அவரிடம் கத்தி பிடிக்கக் கற்றவர் டாக்டர் தேவசகாயம். இப்போது அவருக்கே தலை நரைத்துவிட்டது. ஆனாலும் மேடம் உட்காரச் சொன்னால்தான் உட்காருவார்.

அந்த வருஷம் இதழ் ஒரு பட்டியல் போட்டது. பத்து வருஷத்தில் வந்த கட்டுரைகளில் எதை எத்தனை பேர் தங்கள் ஆய்வில் மேற்கோள் காட்டினார்கள் என்று. முதலிடம் மாசிலாமணிக்கு. தேவசகாயத்தோடு ஒரே பெஞ்சில் படித்தவர்.

அன்றிலிருந்து தேவசகாயத்துக்குச் சோறு இறங்கவில்லை. வார்டில் யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் பேச்சை மாற்றினார்.

மாசிலாமணியின் அடுத்த கட்டுரை மதிப்பீட்டுக்காகத் தேவசகாயத்திடமே வந்தது. பெயரை மறைத்திருந்தார்கள். நடையைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. 'வெளியிடத் தகுதியற்றது' என்று எழுதி அனுப்பினார்.

மறுநாள் மேடம் கூப்பிட்டார்.

"எத்தனை பக்கம் படிச்சீங்க?"

தேவசகாயம் சுவரைப் பார்த்தார். "ரெண்டு."

"மொத்தம் பதினாலு. வேற ஆளுக்கு அனுப்பிக்கறேன்."

அதற்கு மேல் அவரால் அடக்க முடியவில்லை.

"அப்படி என்ன மேடம் அவன் கண்டுபிடிச்சுட்டான்? இருநூத்திப் பன்னிரண்டு பேர் தூக்கி வச்சுக் கொண்டாடறாங்க. பிரேசில்ல முப்பத்தொண்ணு. ஜப்பான்ல பதினெட்டு. அதுல நாலு பேர் அவன்கூட வேலை பார்த்தவங்க. ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தேன்."

"இருநூத்திப் பன்னிரண்டையுமா?"

"ஒண்ணு விடாம."

"உங்க கட்டுரைக்கு எத்தனை?"

"ஒன்பது."

"யாரு அந்த ஒன்பது பேர்?"

தேவசகாயம் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

"அதுல ஒருத்தர் மணிப்பூர்ல இருக்கார்" என்றார் மேடம். "மலைமேல சின்ன ஆஸ்பத்திரி. கருவிழி கிழிஞ்சு வர்றவங்களுக்கு உங்க முறைப்படிதான் தையல் போடறார். ஒரு இடத்துல முடிச்சு நழுவுதாம். எப்படிப் போடறதுன்னு கேட்டு உங்களுக்கு மூணு தடவை எழுதினாராம்."

"நான் பார்க்கலை மேடம்."

"இப்ப எனக்கு எழுதியிருக்கார். நீங்க உயிரோட இருக்கீங்களான்னு கேட்டு."