செலின் டீச்சரின் நாற்பது நிமிஷம்

வெந்த முட்டைகளை உரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் சத்துணவுக் கூடத்து ஜன்னலுக்கு நேர் எதிரே இரண்டாம் வகுப்பு. அதில்தான் என் மகள் தர்ஷினி படிக்கிறாள்.

"இன்னைக்கும் யாரையாவது அடிச்சாள்னா டி.சி. வாங்கிக்கோம்மா பேச்சி. பக்கத்துல வேற பள்ளிக்கூடம் இல்லன்னு எனக்கும் தெரியும். நான் என்ன செய்ய?" என்று தலைமையாசிரியர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

முந்தாநாள் டிபன் பாக்ஸ் மூடியை வீசி, அவள் வகுப்பு செலின் டீச்சரின் நெற்றியைக் கிழித்துவிட்டாள். மூன்று தையல்.

அதற்கு முந்தின வாரம் முழுக்க அவள் சாதுவாகத்தான் இருந்தாள். அடங்காத பிள்ளைகளுக்கு வழி சொல்ல பள்ளி பள்ளியாகப் போகிற பூங்கோதை அம்மா, தன் சீடர் இருதயராஜ் சாரை அனுப்பியிருந்தார். சீடர் என்றாலும் குருவைவிடப் பத்து வயது மூத்தவர், தலை நரைத்தவர். அவர் ஊருக்குப் போன மறுநாள்தான் அந்தத் தையல்.

இன்று இருவரும் வந்திருந்தார்கள். வகுப்பு வாசலில் இருதயராஜ் சார் கேட்டார்.

"என்கிட்ட நல்லாத்தானே இருந்தா? டீச்சர்கிட்ட மட்டும் ஏன் மேடம் இப்படி?"

பூங்கோதை அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

அப்போதுதான் தர்ஷினி பெஞ்சுக்கு அடியில் புகுந்தாள். கையில் மர ஸ்கேல். "ம்ம்ம்" என்று இழுக்க ஆரம்பித்தாள் என்றால் அடுத்தது அடிதான். என் கையிலிருந்த முட்டை நசுங்கிப்போனது.

சார் பாய்ந்தார். அம்மா அவர் கையைப் பிடித்தார்.

"நில்லுங்க."

"ரெண்டு நிமிஷம் போதும் மேடம் எனக்கு!"

"தெரியும். நில்லுங்க." டீச்சர் பக்கம் திரும்பினார். "சார் அந்த வாரம் என்ன செஞ்சாருன்னு நீங்க பாத்தீங்களா?"

"எங்க பாக்க? அவர்தான் பிள்ளையை வெளிய கூட்டிட்டுப் போயிருவாரே. நான் மத்த முப்பது பேரோட மல்லுக்கட்டணும். இந்தப் போன்ல அட்டெண்டன்ஸ் வேற."

அம்மா போனை வாங்கிக்கொண்டார். "இதை நான் பாக்கறேன். நீங்க அவகிட்ட போங்க. சார் இங்கிருந்தே சொல்வாரு."

"பயமா இருக்கு மேடம்."

"இருக்கட்டும். போங்க."

மற்ற பிள்ளைகளை அம்மா கரும்பலகைப் பக்கம் நகர்த்தினார். சார் நின்ற இடத்திலிருந்தே, "தரையில உக்காருங்க டீச்சர். ரெண்டடி தள்ளி. அவளைப் பாக்காதீங்க. எதுவும் பேசாதீங்க" என்றார்.

டீச்சர் உட்கார்ந்தார். ஸ்கேல் பறந்துவந்து அவர் தோளில் பட்டது.

"போதும், போதும்!" வாசலிலிருந்து தலைமையாசிரியர் கத்தினார்.

டீச்சர் எழுந்திருக்கவில்லை. இருங்க என்று கையை மட்டும் காட்டினார்.

நாற்பது நிமிஷம் ஆனது. தர்ஷினி ஊர்ந்து வெளியே வந்தாள். டீச்சர் மடிக்கு வரவில்லை. ஒரு கை தள்ளி, தரையில் குப்புறப் படுத்துக்கொண்டாள். சத்தம் நின்றது.

"நாளைக்கு இவ வரலாமா, கூடாதா? நீங்களே சொல்லுங்க டீச்சர்" என்றார் தலைமையாசிரியர்.

"வரட்டும் சார். ஆனா நான் இவகூட உக்கார்ற நேரத்துக்கு மத்தவங்களை யாராவது பாத்துக்கணும்."

"ஆளுக்கு நான் எங்க போவேன்?"

டீச்சர் தோளைத் தேய்த்துக்கொண்டார்.

வராந்தாவில் இருதயராஜ் சார் அம்மாவை மடக்கினார். "நான் போயிருந்தா ரெண்டே நிமிஷம். நாற்பது நிமிஷம் எல்லாரையும் பதற வச்சிட்டீங்களே மேடம்."

"ஆமா. அடுத்த மாசம் உங்களுக்கு எந்த ஊரு?"

"சாத்தூர்."

"டீச்சருக்கு?"

சார் தலையைச் சொறிந்தார். "இங்கதான்."

பிறகு அவரே, "அப்ப அதுவரைக்கும் எனக்கு இங்க என்ன வேலை?" என்றார்.

அம்மா ஒரு சாக்பீஸை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"உள்ள முப்பது பேரு இருக்காங்க. ரெண்டாம் வாய்ப்பாடு தெரியுமா உங்களுக்கு?"



"ஏ பேச்சி! உலை பொங்குது, அங்க என்ன பராக்கு?" சமையல்காரம்மா கத்தினார். நான் எழுந்தபோதுதான் சார் சாக்பீஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மெதுவாக வகுப்புக்குள்ளே போனார்.