ஒரு லட்சத்து மூன்று

“நான் மலை இறங்கிப் போயிடறேன் அம்மா. இங்கே எனக்குன்னு ஒருத்தரும் இல்லை.”

சொன்னவர் கனகசபாபதி. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், வயது அறுபத்து மூன்று. கேட்டுக்கொண்டிருந்த வாலாம்பிகைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அந்த மலை மடத்துக்கு அவள்தான் குரு.

“வந்து மூணு மாசம் ஆச்சு. என் அறை வாசலை ஒருத்தர் மிதிக்கலை. போன வாரம் நாலு நாள் காய்ச்சல். செத்துக் கிடந்தாலும் கேக்க நாதியில்லை.”

வாலாம்பிகை ஒரு கரித்துண்டை எடுத்துச் சுவரில் எழுதினாள்: 1,00,003.

“இதை மீதியில்லாம வகுக்கிற எண் ஒண்ணு கண்டுபிடிச்சுக் கொண்டு வாங்க வாத்தியாரே. ஒண்ணையும் இதையுமே சொல்லி ஏமாத்தக் கூடாது. கிடைக்கலைன்னா தாராளமாப் போங்க.”

இரண்டால் வகுத்தார், மீதி ஒன்று. மூன்றுக்கும் ஒன்று. ஐந்துக்கு மூன்று. ஏழில் சரியாகப் போகும் போலிருந்தது. அதிலும் ஒன்று நின்றது.

முந்நூற்றுப் பதினாறோடு நிறுத்தியிருக்கலாம். அதற்கு மேல் ஓர் எண் வகுத்தால், அதற்கு ஜோடியான சின்ன எண் முன்பே அகப்பட்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் இவரே சொல்லிக்கொடுத்த விஷயம்தான். மனுஷர் நிறுத்தினால்தானே! நானூறு, ஐந்நூறு, ஆயிரம் என்று போய்க்கொண்டே இருந்தார். பாவம், யாராவது வந்துவிட மாட்டார்களா என்ற நப்பாசை.

ஆறாம் நாள் காலை தோளில் பையோடு வந்து நின்றார்.

“எதுவரைக்கும் பாத்தீங்க?”

“ரெண்டாயிரம்.”

“முந்நூத்துப் பதினாறு போதுமே.”

“தெரியும். இது பகா எண் அம்மா. இதுக்குள்ளே ஒருத்தரும் வரமாட்டாங்க. என்னை மாதிரி தனிக்கட்டை.”

“அப்படியா? இதோட வாய்ப்பாட்டைச் சொல்லுங்க.”

“எதுக்கு?”

“சொல்லுங்களேன்.”

கணக்கு வாத்தியாரிடம் வாய்ப்பாடு கேட்டால் சும்மா இருப்பாரா? “ஒரு லட்சத்து மூணு. ரெண்டு லட்சத்து ஆறு. மூணு லட்சத்து ஒன்பது. நாலு லட்சத்துப் பன்னெண்டு...”

“யாரு இவங்கல்லாம்?”

“இந்த எண்ணால மீதியில்லாம வகுபடறவங்க.”

“எத்தனை பேர் இருப்பாங்க?”

“எத்தனையா? அதுக்கு முடிவே கிடையாது அம்மா. ஒவ்வொருத்தருக்குள்ளேயும் இது போயி...”

சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க பக்கத்து அறையில இருக்கிறவர் பேரென்ன?” என்று கேட்டாள் வாலாம்பிகை.

கனகசபாபதிக்கு வெட்கமாக இருந்தது.

“பேர் தெரியாது அம்மா. ராத்திரி பூரா இருமுவார். அது மட்டும் கேக்கும்.”

அவர் பையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

“மடப்பள்ளியில கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா?”