இரண்டு கல் சுமந்த காத்தாயி

முன்னொரு காலத்தில், மேகம் கீழே இறங்கி வந்து மனிதரோடு பேசிவிட்டுப் போன காலத்தில், மேற்கே நெற்றிமலை என்று ஒரு மலை இருந்தது. அடியில் ஓடை, இடுப்பில் சோலை, மார்பில் புல்வெளி, தோளில் சரளைச் சரிவு, உச்சியில் ஒரு கற்குவியல். அதைவிட உயரமான மலைகள் உலகத்தில் உண்டு. ஆனால் அதைப்போலத் தலை நிமிர்ந்து நிற்கிற மலை வேறில்லை என்று அடிவாரத்துக்காரர்கள் சொல்வார்கள். சொல்லும்போது அவர்களும் கொஞ்சம் நிமிர்ந்துகொள்வார்கள்.

மலையேறுகிறவர்களுக்கு அங்கே மூன்று வழக்கம். ஓடையில் ஒரு கல் எடுத்துச் சுமந்துபோய் உச்சிக் குவியலில் வைக்க வேண்டும். வைக்கும்போது, வழியில் கண்ணால் கண்ட ஒன்றை மலையிடம் சொல்ல வேண்டும். மூன்றாவது, சரளைச் சரிவில் கீழே ஒருவர் கடக்கும்போது, மேலே இருப்பவர் அசையாமல் நிற்க வேண்டும். மேலே நெல்லிக்காயாக உருளுகிற கல், கீழே வந்து சேரும்போது பாறையைக் கூட்டிக்கொண்டு வரும்.

அந்த அடிவாரத்தில் காத்தாயி இருந்தாள். அவளுக்கென்று இருந்த ஒரே உறவு தம்பி சடையன். தாய் தகப்பன் போனபின் அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை, இப்போது அவளைவிட உயரம். நல்லவன்தான். ஆனால் உலை கொதிக்கும் முன்பே தட்டை எடுத்துக்கொண்டு உட்காருகிறவன்.

ஒருநாள் நொடிமாயன் என்கிற மந்திரவாதி ஊருக்கு வந்தான். அவன் உள்ளங்கால் மண்ணைத் தொட்டதே இல்லை. பளபளவென்று ஒரு கண்ணாடிப் பல்லக்கு. தூக்க ஆளில்லாமல் தானே மிதக்கும். அதில் சாய்ந்தபடி தெருத்தெருவாகக் கூவினான்.

"ஏறிக்கோ, ஒரே நொடி! கண்ணை மூடு, கண்ணைத் திற, உச்சி!"

"எங்க மலையை நாங்களே நடந்து பாத்துக்கறோம் சாமி," என்றார்கள் ஊரார். "பாவம், உமக்குத்தான் கால்ல ஏதாச்சும் புண்ணா?"

ஊரே சிரித்தது. சடையன் மட்டும் பல்லக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை மலைக்குப் போகிறேன் என்று கிளம்பினான். சற்றுப் பொறுத்துத் தண்ணீருக்குப் போன காத்தாயி, ஓடைக்கரையில் ஒரு கல்லைப் பார்த்தாள். வெள்ளை வரி ஓடிய கல். அவன் எப்போதும் தேடித் தேடி எடுக்கிற தினுசு. ஈரம்கூடக் காயவில்லை. பக்கத்து மணலில் அவன் காலடி இருந்தது. கல்வரைக்கும் வந்து அப்படியே நின்றுபோயிருந்தது. அதற்கப்புறம் தடமே இல்லை.

"அடப்பாவி, பல்லக்குல ஏறிட்டானா! கல்லையும் விட்டுட்டுப் போயிட்டானே. வெறுங்கையோட உச்சியில எப்படி நிப்பான்?"

அந்தக் கல்லை முந்தானையில் முடிந்தாள். தனக்கொரு கல் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். நடந்தாள்.

முதலில் சோலை. வெயில் அங்கே வழிதவறித்தான் வரும். காற்றுக்குக் குனிந்து குனிந்து கூன் விழுந்த மரங்கள், கிளைக்குக் கிளை பச்சைப் பாசி. மரத்துக்கு மரம் தாவின கருமந்திகள் அவளை எட்டிப் பார்த்து உறுமின. காலில் அட்டை ஏறியது. சுண்ணாம்பு தடவி உதிர்த்துவிட்டு நடந்தாள். தலைக்கு மேல் ஒரு குரல் கெக்கலித்தது. நாளெல்லாம் சிரிக்கிற சிரிப்பான் குருவி.

"ஹிஹிஹீ! ரெண்டு கல்லு தூக்கறா பாரு! ஒண்ணு உனக்கு, இன்னொண்ணு யாருக்கு?"

"என் தம்பிக்கு."

"போன தம்பி போன மாதிரி இல்லை, அக்கா. நடந்து போ. ஏறிப் போனா நீயும் அதே கதிதான்!"

காத்தாயி அண்ணாந்து பார்த்தாள். மேலே கேட்பதற்குள் குருவி பறந்துவிட்டது. மரங்களுக்கு நடுவே கண்ணாடிப் பல்லக்கு வந்து நின்றது. உள்ளே யாரும் இல்லை, குரல் மட்டும் இருந்தது.

"ஏறிக்கோ தாயி, ஒரே நொடி!"

"கால் இருக்கு, நடக்கிறேன்."

அடுத்தது புல்வெளி. காற்று அடிக்க அடிக்கப் புல் அலையலையாக மலைமேல் ஏறிக்கொண்டிருந்தது. காட்டுப் பூவரசு ரத்தச் சிவப்பில் பூத்திருந்தது. ஈரத்தரையில் காலடி பார்த்து நடந்தபோது ஒரு பொடிச் செடி கண்ணில் பட்டது. இலையெல்லாம் சிவப்பு மயிர், மயிர்நுனியெல்லாம் கண்ணாடித் துளி. மினுமினுப்பைப் பார்த்து ஒரு பூச்சி வந்து உட்கார்ந்தது. துளி அதை விடவில்லை. இலை மெல்ல மெல்ல மூடிக்கொண்டது. காத்தாயி குந்தி உட்கார்ந்து அதை முழுக்கப் பார்த்தாள்.

நிமிர்ந்தால், எதிரே பல்லக்கு மினுமினுத்தது.

"ஏறிக்கோ தாயி, ஒரே நொடி! உன் தம்பி காத்திருக்கான்!"

காலைத் தூக்கி வைக்கத்தான் மனசு துடித்தது. அவள் செடியை ஒருதரம் பார்த்தாள், பல்லக்கை ஒருதரம் பார்த்தாள்.

"கால் இருக்கு, நடக்கிறேன்."

கடைசியில் சரளைச் சரிவு. மேலே யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கால் வைத்தாள். மூன்றாம் முறை பல்லக்கு வந்தது. மூன்றாம் முறையும் அதே பதில். பல்லக்கு சீறிக்கொண்டு உச்சிக்குப் பறந்தது.

உச்சியில் கற்குவியல் இருந்தது. பல்லக்கில் சாய்ந்து நொடிமாயன் இருந்தான். சுற்றிலும் ஒரு வரையாட்டு மந்தை, வளைந்த கொம்பும் பழுப்பு மேலுமாக. சடையன் இல்லை.

மூச்சு வாங்கினாலும் காத்தாயி முதலில் குவியலிடம் போனாள். தன் கல்லை வைத்தாள். "மினுமினுக்கிற செடியைப் பார்த்தேன். போய் உட்கார்ந்த பூச்சி திரும்பி வரலை," என்று மலையிடம் சொன்னாள். பிறகுதான் மந்திரவாதியிடம் திரும்பினாள்.

"என் தம்பி எங்கே?"

"இதோ, இந்த ஆட்டுக் கூட்டத்துல ஒருத்தன். மத்ததெல்லாம் நிஜ ஆடு," என்றான் நொடிமாயன். "பல்லக்குல வந்து இறங்கினான், கையில கல் இல்லை. வெட்கமாப் போச்சு போல. குவியல்ல இருந்தே ஒண்ணை உருவி, தன் கல்லுன்னு திருப்பி வெச்சான். என்ன பார்த்தேன்னு சொல்லணுமே? காட்டெருமையைப் பார்த்தேன்னான். பார்த்தானா? கண்ணை மூடிக்கிட்டுல்ல வந்தான்! பொய் வாயை விட்டு வரும்போதே ஆட்டுச் சத்தமா வந்துச்சு. அதுதான் என் மந்திரம். இப்படி ஒவ்வொருத்தரா ஏறினா, ஊர் காலி. ஊர் காலியானா மலை எனக்கு!"

"அவனை விட்டுடு."

"கண்டுபிடிச்சுக் கூட்டிட்டுப் போ. ஒரே ஒருதரம் கை காட்டலாம். தப்பாக் காட்டினா நீயும் இங்கேயே புல் மேயலாம்."

அவன் கையைத் தட்டினான். எல்லா ஆடும் ஒரே கொம்பு, ஒரே நிறம், ஒரே உயரமாக ஆகிவிட்டன. காத்தாயி கண்ணைப் பார்த்தாள். எல்லாம் ஒரே கண். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். எல்லாம் ஒன்றாகத் தலையைத் தூக்கின. அவள் சரளைச் சரிவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வந்த வழியே இறங்கினாள்.

"ஓடிட்டியா? பெரிய மலைக்காரி!" என்று நொடிமாயன் கைகொட்டினான்.

அவள் ஓடவில்லை. சரளைச் சரிவின் அடிவிளிம்புக்குப் போனாள். உச்சியில் மந்தை, நடுவில் அத்தனை உதிரிக் கல், கீழே அவள். கடக்கத் தொடங்கினாள்.

அப்போதுதான் மந்திரவாதிக்கு அந்த யோசனை வந்தது. இவள் தொலைந்தால் கேட்க ஆளில்லை! "ஹோ!" என்று கத்தி மந்தையைச் சரிவில் விரட்டினான். ஆடுகள் பாய்ந்தன. கல் உருண்டது, கல்லைக் கல் தள்ளியது, மலையே தடதடத்தது. ஒன்று அவள் தோளை உரசிப் போனது. ஒன்று காலடியில் வெடித்தது. காத்தாயி குனியவில்லை, பாதியில் திரும்பவில்லை. ஒரே சீராக நடந்து மறுகரை ஏறினாள். ஏறினபிறகுதான் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

மந்தை முழுதும் சரிவில் சிதறிக்கிடந்தது. ஒரே ஒரு ஆடு மட்டும் மேலே, நான்கு குளம்பையும் பாறையில் ஊன்றி, உடம்பெல்லாம் நடுங்கியபடி, ஒரு சிறுகல்லும் உருளாமல் நின்றிருந்தது. மற்ற ஆடுகள் முட்டித் தள்ளிக்கொண்டு ஓடினபோதும் அது இடம் மாறவில்லை.

"அவன்தான்!" காத்தாயி கை நீட்டினாள். "நெற்றிமலைக்காரன். கொம்பு முளைச்சாலும் கீழே ஆள் போகும்போது நிக்கத் தெரியும் அவனுக்கு!"

மேலே ஏறி, முந்தானை அவிழ்த்து, வெள்ளை வரிக் கல்லை அதன் முன் வைத்தாள். ஆடு அதை மூக்கால் தள்ளித் தள்ளிக் குவியலில் சேர்த்தது. கல் கல்லோடு பொருந்திய சத்தம் கேட்டது. அங்கே சடையன் மண்டியிட்டிருந்தான், முட்டியெல்லாம் சிராய்ப்போடு.

"சொல்லுடா," என்றாள் காத்தாயி. "என்ன பார்த்தே?"

அவன் சரிவைத் திரும்பிப் பார்த்தான்.

"எங்கக்கா கல் மழையில நிமிர்ந்து நடந்து வந்ததைப் பார்த்தேன்," என்று மலையிடம் சொன்னான்.

கண்ணாடிப் பல்லக்கு பனித்துளியாக உதிர்ந்து புல்லில் இறங்கியது. நொடிமாயன் தொப்பென்று தரையில் விழுந்தான். மந்திரம் சொல்லிப் பார்த்தான், ஒன்றும் பலிக்கவில்லை. பறந்து வந்த சிரிப்பான் குருவி அவன் தலைக்கு மேல் வட்டமிட்டது.

"கால் இருக்கே, நட! ஹிஹிஹீ!"

ஐயோ, அம்மா என்று அவன் சரளையில் இறங்கினான். சடையனுக்குக் கால் துறுதுறுத்தது. காலால் ஒரு கல்லை நகர்த்தப் போனான்.

"நில்லுடா," என்றாள் காத்தாயி. "கீழே ஆள் போகுது."

"அவனா ஆளு?"

"யாரா இருந்தா என்ன? மேலே நிக்கிறது நாமதானே!"

நொடிமாயன் கடந்து முடிக்கிறவரை இரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள். அவன் மறுகரையில் திரும்பிப் பார்த்தான். அவர்கள் நின்ற நிலையைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு சோலைக்குள் போனான்.

நாளாயிற்று. மழை வந்தது, போயிற்று. ஒருநாள் ஊரார் உச்சியில் கூடியிருந்தபோது, உள்ளங்காலெல்லாம் காய்த்துப்போன ஒரு ஆள் மெல்ல ஏறி வந்தான். கையில் ஓடைக்கல். குவியலில் வைத்தான். என்ன சொல்வதென்று வெகுநேரம் யோசித்தான்.

"அட்டையைப் பார்த்தேன்," என்றான் நொடிமாயன். "நிறைய அட்டை."

அடிவாரத்துக்காரர்கள் சிரிக்கவில்லை. கல் சுமந்து நடந்து வந்தவனைப் பார்த்து அவர்கள் சிரிப்பதில்லை. காத்தாயி கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு உட்கார இடம் கொடுத்தாள். சடையன் கூழ்க் கலயத்தை நீட்டினான்.

குருவி மட்டும் சிரித்தது. அது இன்றைக்கும் நிறுத்தவில்லை.