சேந்தன் சொல்லாத பெயர்

கதையின் கடைசியில் ஒரு கேள்வி வரும். விடை தெரிந்தவர்கள் கதை முடியும் வரை வாயைத் திறக்கக் கூடாது. அந்த ஒரு நிபந்தனையோடு தொடங்குவோம்.

கடலுக்கு இந்தப் பக்கம் மருதநாடு, அந்தப் பக்கம் கருந்தீவு. தீவில் இரண்டு குலங்கள் வெட்டிக்கொண்டு மடிந்தபோது, அமைதி காக்கிறோம் பேர்வழி என்று மருதநாட்டு அரசர் ஒரு படையை அனுப்பிவைத்தார். தீவில் பாதிப் பேர் அதை வரவேற்றார்கள். மீதிப் பேர் காட்டுக்குள் போய் வில்லை எடுத்தார்கள். படைத்தலைவன் சேந்தன் நல்லவன்தான். கொஞ்ச நாள் வேலை என்று போனவனுக்கு அங்கேயே தலை நரைத்துவிட்டது.

ஒருவழியாக உடன்பாடு ஆயிற்று. கோட்டையை உள்ளூர்ப் படையிடம் ஒப்படைக்க வேண்டும், தீவுக்காரர் ஒருவரையும் கப்பலில் ஏற்றக் கூடாது என்று அரசரின் ஆணை வந்தது. உள்ளூர்ப் படைக்குத் தலைவன் மாகாளன். நேற்றுவரை காட்டிலிருந்து சேந்தனோடு மோதியவன்.

கருந்தீவில் காவல் கைமாறுவதற்கு ஒரு முறை உண்டு. சாவியைக் கொடுத்தால் மட்டும் போதாது. போகிறவன், தன் காவலில் இருந்தவர்களின் பெயர்களை ஊர் கூடிய இடத்தில் உரக்கச் சொல்ல வேண்டும். வருகிறவன் ஒவ்வொரு பெயருக்கும் கோலைத் தரையில் ஊன்றி “ஏற்றேன்” என்பான். அதன் பிறகு அந்த ஆளைத் தொட்டால் ஏற்றவனின் வீட்டாரைத் தொட்டதாக அர்த்தம். போகிறவன் வாயால் வராத பெயருக்கு வருகிறவன் பொறுப்பல்ல. இதில் தயவு தாட்சண்யம் கிடையாது.

கோட்டைக்குச் சமைத்தவர்கள், படகு விட்டவர்கள் எல்லாம் ஊரறிந்த ஆட்கள். அவர்கள் பெயரைச் சொல்வதில் சிக்கல் இல்லை. சிக்கல் செம்பியிடம் இருந்தது. அவள் சந்தையில் உப்பு விற்பவள். ஒரு சந்தை நாளில் சேந்தனின் படையைத் தாக்க ஆட்கள் பதுங்கியிருப்பதை அவள்தான் முன்கூட்டிச் சொன்னாள். படை தப்பியது. பதுங்கியிருந்தவர்களில் ஒருவனான மாகாளனின் தம்பி செத்தான். சொன்னது யார் என்று சேந்தனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. “உன் தலைக்கு நான் பொறுப்பு” என்று அன்றைக்கு அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

ஒப்படைப்புக்கு முதல் நாள் அவள் வந்தாள்.

“என்னையும் சொல்லுவீங்கல்ல, ஐயா?”

“சொன்னா ஊருக்கே தெரிஞ்சிடுமே, செம்பி.”

“இப்பவே பாதிப் பேருக்குச் சந்தேகம். சந்தேகத்துல ஒருத்தன் வெட்டிப்போட்டா ஏன்னு கேக்க நாதியில்ல. நீங்க பேரைச் சொல்லிட்டா, என்னைத் தொட்டவன் மாகாளனுக்குப் பதில் சொல்லணும்.”

“சொல்றேன்” என்றான் சேந்தன். அந்த நேரத்தில் மனதாரத்தான் சொன்னான்.

மறுநாள் ஊர் கூடியது. எந்தப் பெயரை முதலில் சொல்வது என்பது சேந்தனின் விருப்பம். அவனுக்குப் பின்னால் படை வாளும் வேலுமாக அணிவகுத்து நின்றது. சடங்கு நடக்க நடக்க வீரர்கள் அணி அணியாகக் கப்பலேறினார்கள். சமையற்காரர் பெயர், படகோட்டி பெயர் என்று சொல்லிக்கொண்டே வந்தான். செம்பியின் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டுத் திரும்பிப் போனது. அடுத்ததாகச் சொல்லலாம், அதற்கு அடுத்ததாகச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டான். கடைசியில் திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒரு வீரன்கூட இல்லை.

இப்போது சொன்னால் மாகாளன் தன்னை இங்கேயே வெட்டிச் சாய்த்துவிடுவானோ என்று பயந்தான். சொல்லாமல் விடுவதுதான் செம்பிக்கும் நல்லது என்று உடனே தோன்றியது. அப்படித் தோன்றியதும் மனம் லேசானது. நமக்கெல்லாம் எப்படி லேசாகுமோ அப்படித்தான்.

“அவ்வளவுதான்” என்றான்.

மாகாளன் சாவிக்குக் கை நீட்டினான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு செம்பி முன்னால் வந்தாள்.

“என் பேரு விட்டுப்போச்சு, ஐயா.”

“நீ உப்பு விக்கிறவதானே? உன் பேரை இவர் எதுக்குச் சொல்லணும்?” என்றான் மாகாளன்.

“சந்தையில பதுங்கியிருந்தவங்களைக் காட்டிக் கொடுத்தது நான்தான். புள்ளகுட்டியோட சனங்க நின்ன இடம். மனசு கேக்கல, சொல்லிட்டேன்.”

மாகாளனின் முகம் கறுத்தது. அவன் செம்பியை விட்டுவிட்டுச் சேந்தனைப் பார்த்தான்.

“இந்தம்மா உங்க காவல்ல இருந்தவங்களா?”

‘ஆமாம்’ என்ற ஒரு சொல் போதும். சேந்தன் தரையைப் பார்த்தபடி நின்றான். மாகாளன் செம்பியின் பக்கம் திரும்பினான். கையிலிருந்த கோலைத் தரையில் ஓங்கி ஊன்றினான்.

“ஏற்றேன்.”

பிறகு சேந்தனிடம் சாவியை வாங்கிக்கொண்டு, “போயிட்டு வாங்க. காத்து நல்லா இருக்கு” என்றான்.

ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் காவலை ஒப்படைத்து வந்தானே என்று மருதநாட்டு அரசருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ‘அடைக்கலம் காத்தான்’ என்ற பட்டத்தைச் சேந்தனுக்குச் சூட்டினார். அவன் தலை குனிந்தபடியே அதை வாங்கிக்கொண்டான். எவ்வளவு பணிவு என்று அவை மெச்சியது.

வாயை மூடி ரத்தம் சிந்தாமல் பார்த்துக்கொண்டவன் சேந்தன். சனங்களையும் காத்து, தன் பெயரையும் தானே சொன்னவள் செம்பி. தம்பியைப் பறிகொடுத்தும் “ஏற்றேன்” என்றவன் மாகாளன். அந்தப் பட்டம் இந்த மூவரில் யாருக்குச் சேரும்?

விடை இதுதான். செம்பியின் துணிச்சலுக்கு ஈடில்லை. ஆனால் அவள் அடைக்கலம் கேட்டவள். கேட்டவளே தன்னைக் காத்துக்கொள்ளும்படி விட்டது கொடுத்தவனின் கேவலம். சேந்தன் பெயரைச் சொல்லத் துணிந்திருந்தால், படை பின்னால் நின்றபோதே முதல் பெயராகச் சொல்லியிருப்பான். அவன் காத்தது தன் உயிரை. மாகாளனையோ எந்த முறையும் கட்டாயப்படுத்தவில்லை. சொல்லப்படாத பெயரைத் தள்ளிவிட்டு அவன் போயிருந்தாலும் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆகவே பட்டம் அவனுக்கே. இந்த விடையைச் சேந்தனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவன் அவைக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் கட்டியக்காரன் அந்தப் பட்டத்தை உரக்கக் கூவுவான். அவன் கூவி முடிக்கும் வரை, அடுத்தவன் உடையை உடுத்திக்கொண்டு பிடிபட்டவனைப்போல, சேந்தன் வெட்கத்தில் கூசி வாசலிலேயே நிற்பான்.