ஆறு மணி அழுகை

தில்லைநாயகம் மடத்தில் சேர்ந்தபோது அவருக்கு வயது அறுபத்தொன்று. குருசாமிக்கு நாற்பத்தெட்டு. மடத்தில் வயதுக்கணக்கு செல்லாது, மூத்த சீடர் கீழே உட்கார்ந்தார், இளைய குரு மேலே உட்கார்ந்தார். இருந்தாலும் குருசாமி அவரை ஒருநாளும் ஒருமையில் அழைத்ததில்லை.

முன்பு தில்லைநாயகம் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்தார். மனைவி கோமதி காலமாகிவிட்டாள். ஒரே மகன் குமரேசனுக்கு மஸ்கட்டில் வேலை, ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவான். விட வேண்டியதையெல்லாம் விட்டாயிற்று என்ற நம்பிக்கையில்தான் மனிதர் மலையேறி வந்தார். இரண்டு வருடம் ஓடிவிட்டது. வருகிற பௌர்ணமியன்று காவி கொடுப்பதாகக் குருசாமி சொல்லியிருந்தார்.

ஆனால் ஒரு தொல்லை. சாயங்காலத் தியானத்தில் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் ஆனால் போதும், அவருடைய இடது கை மடியிலிருந்து தானாக எழும்பும். முழங்கை மடங்கி, உள்ளங்கை மேலே பார்த்து, நெஞ்சோடு ஒட்டி நிற்கும். அவர் இறக்கி வைப்பார். அது மறுபடி எழும்பும்.

மடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இதைக் கவனித்துவிட்டார். ஏதோ உயர்ந்த முத்திரை என்று அவராகவே முடிவு கட்டி, 'ஏந்து முத்திரை' என்று பெயரும் சூட்டினார். கேட்கவா வேண்டும்? ஒரே மாதத்தில் நாலு பேர் இடது கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தில்லைநாயகத்தை வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தக் கை எதற்காக எழும்புகிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

பௌர்ணமிக்கு மூன்று நாள் இருக்கும்போது, குருசாமியிடம் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று துணிந்தார். காவி இல்லை என்றாலும் சரி, பொய்யாகக் கட்டிக்கொள்ளக் கூடாது. சொல்வதற்கென்று முன்னால் போய் நின்றார். வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஒரு குழந்தை வீறிட்டது.

மலைக்கோயிலுக்கு வந்த பெண், செண்பகவல்லி என்று பெயர். தோளில் ஐம்பது நாள் பெண்பிள்ளை. முகமெல்லாம் சிவந்து, மூச்சு முட்ட அழுதது.

"சாமி, நீங்க ஒரு தடவ தொடுங்க. தினமும் பொழுது சாயிற நேரம் இதே கூத்துதான்."

குருசாமி ஏழு வயதில் மடத்துக்கு வந்தவர். அபிஷேகக் குடத்தை வாங்குவது போல் இரண்டு கையாலும் பிள்ளையை வாங்கினார். ஒரு பதிகம் பாடினார். பிள்ளை அதற்கும் மேலே ஒரு சுதி ஏற்றியது.

"கண் திருஷ்டியா இருக்கும். நெத்தியில திருநீறு பூசுங்க" என்றார் தமிழாசிரியர்.

"திருஷ்டி இல்ல" என்றார் தில்லைநாயகம். "காலை வயித்தோட சேத்து மடக்குது பாருங்க. வாயு. ஏம்மா, பால் குடிக்காளா? காய்ச்சல், வாந்தி உண்டா?"

"அதெல்லாம் இல்ல அய்யா. நல்லாக் குடிக்கா. டாக்டரும் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னுட்டாக."

தில்லைநாயகம் பூஜைத் தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தார். விளக்கெண்ணெய் தடவி, விளக்கில் லேசாக வாட்டி, தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்தார். பிறகு குருசாமியிடமிருந்து பிள்ளையை வாங்கினார். இலையை வயிற்றில் பொருத்தி, இடது முன்கையின் மேல் அவளைக் குப்புறக் கிடத்தினார். தலை முழங்கை மடிப்பில். கால்கள் இரண்டு பக்கமும் தொங்கின. வலது கை முதுகைத் தடவியது.

தமிழாசிரியர் அந்தக் கையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். துண்டுக்குள் மெல்ல மறைத்துக்கொண்டார்.

தில்லைநாயகம் மண்டபத்தின் இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்குமாக நடந்தார். வாய் ஏதோ முணுமுணுத்தது. மந்திரமாக்கும் என்று எல்லோரும் காதைத் தீட்டினார்கள்.

"தென்காசி... பாவூர்சத்திரம்... ஆலங்குளம்... சீதபற்பநல்லூர்... பேட்டை... திருநெல்வேலி..."

நாலாவது நடையில், ஆலங்குளம் தாண்டியதும், டர்ரென்று ஒரு சத்தம். இவ்வளவு சின்ன உடம்புக்குள் இவ்வளவு காற்றா என்று தோன்றியது. எல்லோரும் சிரித்தார்கள், எல்லோரையும்விடக் குருசாமிதான் அதிகம் சிரித்தார். பிள்ளை ஒரு பெருமூச்சு விட்டு, கை காலைத் தளர்த்தி, அப்படியே கண் சொக்கியது. தாய்க்காரிதான் அழுதாள்.

"போம்மா, போய் ரெண்டு வாய் சாப்பிடு. நான் வச்சிருக்கேன்" என்றார் தில்லைநாயகம்.

அவள் போனாள். மற்றவர்களும் கலைந்தார்கள்.

"இத எங்க படிச்சீங்க?" என்று கேட்டார் குருசாமி.

"எங்கயும் படிக்கல சாமி. எங்க குமரேசன் கைப்பிள்ளையா இருந்தப்ப இப்படித்தான். ஆறு மணின்னா ஆறு மணிக்கு அழுகை. எங்க டெப்போவுல ஒரு வண்டி அப்படி டயத்துக்கு வந்தது கிடையாது. கோமதி பகலெல்லாம் பாத்து ஓஞ்சு போயிருப்பா. நான் டூட்டி முடிஞ்சு வந்து வாங்கிக்கிடுவேன். அவன் அசர்ற வரைக்கும் நடை. எப்படா இது முடியும்னு காலண்டர்ல நாளை அடிச்சுக்கிட்டே வந்தேன்."

"முடிஞ்சுதா?"

"மூணு மாசத்துல முடிஞ்சுது. ஒருநா வெத்தலைய வாட்டிக் கையில வச்சுக்கிட்டு நிக்கேன். அழுகை வரல. தொட்டில்ல கிடந்து என்னையப் பாத்துச் சிரிக்கான். கோமதி சாமிக்கு நெய் விளக்கு வச்சா. எனக்கும் சந்தோசந்தான். ஆனா இந்தக் கைய என்ன செய்யன்னு தெரியல சாமி."

பிள்ளை தூக்கத்தில் உதட்டைச் சப்பியது. தில்லைநாயகம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அதுதான் என் வாழ்நாள்லயே நல்ல காலம். அப்பத் தெரியல. இப்ப கண்ண மூடினா ஈசுவரன் வரல, அவன்தான் வாரான். அந்தக் கனம், அந்த விளக்கெண்ணெ வாசம், கோமதி அடுப்படியில நின்னு 'தூங்கிட்டானா'ன்னு கேக்குற சத்தம். கை தானா எழும்புது. முத்திரையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. இதுக்கு மேல எப்படிக் காவி கட்ட? இத எப்படி விடணும்னு சொல்லுங்க சாமி."

குருசாமி தூங்கும் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குமரேசன் அழுகைய எப்படி விட்டான்?"

"அவனாவே விட்டான். நான் ஒண்ணும் செய்யல."

"அதுவரைக்கும் நீங்க என்ன செஞ்சீங்க?"

"தூக்கிக்கிட்டு நடந்தேன்."

குருசாமி எழுந்து மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"பௌர்ணமிக்குக் காவி வாங்க வரும்போது, அவனையும் தூக்கிக்கிட்டு வாங்க."