குச்சியை எறிந்த கரடி

ஓடை ஓடுகிற ஒரு காட்டில், கரையோரப் பாறைக் குகையில் ஒரு கரடி தனியாக இருந்தது. கரடி என்றால் தனியாகத்தானே இருக்கும் என்று சொல்லிவிடாதீர்கள் பிள்ளைகளே. இந்தக் கரடிக்குப் பேச்சென்றால் உயிர். கேட்கத்தான் ஆளில்லை.

அதற்குக் கண்பார்வை கொஞ்சம் மட்டு. அதனால் யாரோடு பேசினாலும் அவர்கள் முகத்துக்கு நேரே வாயைக் கொண்டுபோய்த்தான் பேசும்.

ஒருநாள் வழியில் முயலைப் பார்த்தது. "தம்பி, நேற்று மலைத்தேன் எடுக்கப் போனேன், கேள்" என்று ஆரம்பித்தது.

முயல் மூக்கைச் சுருக்கிக்கொண்டது. "அண்ணா, வீட்டில் குட்டிகள் தேடும். இன்னொரு நாள் கேட்கிறேன்" என்று ஓடிவிட்டது.

கரடி மானிடம் போனது. "எனக்குக் காலில் முள் குத்தியிருக்கிறது அண்ணா, நிற்க முடியவில்லை" என்றது மான். சொல்லிவிட்டு நாலுகால் பாய்ச்சலில் போயிற்று. முள் குத்திய கால் அப்படியா பாயும்? பொய் சொல்லக்கூடத் தெரியவில்லை அந்த மானுக்கு.

சரி, அது ஓர் அழுக்குக் கரடியா என்றால் அதுவும் இல்லை. விடிந்ததும் வேப்பங்குச்சியை ஒடித்து, நுனியை மென்று, ஒவ்வொரு பல்லாகத் தேய்க்கும். தேய்த்து முடித்ததும் குச்சியைத் தூர எறிந்துவிட்டு வாய் கொப்பளிக்கும். பிறகு ஓடைத் தண்ணீரில் குனிந்து பல்லைப் பார்க்கும். தேங்காய்ச் சில்லு மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கும்.

'இவ்வளவு பெரிய பல்லைப் பார்த்தால் யாருக்குத்தான் பயம் வராது? அதனால்தான் ஓடுகிறார்கள்' என்று அது முடிவு கட்டியது. இனி வாயைத் திறப்பதில்லை என்றும் தீர்மானித்தது.

அன்று சாயங்காலம் இலுப்பை மரத்தடியில் எல்லாரும் கூடியிருந்தார்கள். கரடி போய் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை. பனிக்காலம் வேறு. முயல் கதகதப்புக்காகக் கரடியின் வயிற்றில் சாய்ந்துகொண்டது. கரடிக்கு ஒரே சந்தோஷம்.

மறுநாளும் அப்படியே உட்கார்ந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. மான் பேசும், முயல் பேசும், காட்டுக்கோழி வாய் ஓயாமல் பேசும். கரடி தலையை மட்டும் ஆட்டும். மலைத்தேன் கதை நெஞ்சுக்குள்ளேயே கிடந்தது. குகையில் ஒற்றையாகக் கிடந்த நாட்களில்கூட அதற்கு இவ்வளவு வலிக்கவில்லை.

பத்தாம் நாள் தாங்க முடியாமல் வாயைத் திறந்தது. "நானும் ஒன்று சொல்லட்டுமா?"

அவ்வளவுதான் கேட்டது. முயல் எழுந்தது. மான் எழுந்தது. காட்டுக்கோழி பறந்தே போய்விட்டது. மரத்தடியில் கரடி மட்டும் மிச்சம்.

மறுநாள் காலை ஓடைக்கரையில் பல்லைத் தேய்த்துவிட்டு, வழக்கம்போலக் குச்சியை எறிந்துவிட்டு, கரடி அழுதது. "என் பேச்சு அவ்வளவு கெட்டதா? இந்தக் காடே வேண்டாம், எங்காவது போய்விடுகிறேன்" என்று வாய்விட்டுப் புலம்பியது.

பாறைமேல் ஓர் உடும்பு வெயில் காய்ந்துகொண்டிருந்தது. நாக்கை நீட்டி நீட்டிக் காற்றை மோப்பம் பிடித்தது. "உன் பேச்சில் ஒரு குறையும் இல்லை. உன் வாய்தான் நாறுகிறது" என்றது.

"நான்தான் தினமும் பல் தேய்க்கிறேனே?"

"நாக்கை நீட்டு பார்ப்போம்."

கரடி நீட்டியது. தின்ற தேனும் கரையான் புற்று மண்ணும் நாள்கணக்கில் படிந்து, நாக்கு முழுக்க மாவு பூசினது போலிருந்தது.

"எறிந்தாயே ஒரு குச்சி, அதை எடுத்துவா" என்றது உடும்பு. "பாதி வேலையில் யாராவது குச்சியை எறிவார்களா? இரண்டாகக் கிழி. ஒரு பாதியை வில்லாக வளைத்து நாக்கை வழி."

கரடி ஆசையில் அடிநாக்குவரை கொண்டுபோய்விட்டது. உவ்வேயென்று குமட்டிற்று. கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அவ்வளவு உள்ளே போகாதே. மெதுவாக, பின்னாலிருந்து முன்னால்."

நாலு தடவை வழித்ததில் திட்டுத்திட்டாக அழுக்கு வந்தது. வாய் கொப்பளித்ததும் நாக்கு சிவப்பாகத் தெரிந்தது.

"யாரும் சொல்லாததை நீ எப்படிச் சொன்னாய்?" என்று கேட்டது கரடி.

"நாறியது, சொன்னேன். நாளைக்கும் வழி" என்று சொல்லிவிட்டு உடும்பு வெயிலுக்குத் திரும்பிக்கொண்டது.

அன்று சாயங்காலம் மலைத்தேன் கதையைக் கரடி முழுசாகச் சொன்னது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"நல்ல கதை அண்ணா" என்றது முயல். "இத்தனை நாளும் அந்த வாய் நாற்றம்தான் தாங்கவில்லை."

"உனக்கு முன்பே தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். சொன்னால் நீ வருத்தப்படுவாய் என்றுதான் சொல்லவில்லை."

கரடி முயலின் முகத்துக்கு நேரே குனிந்தது. பிறகு கேட்டது: "பத்து நாள் உங்கள் நடுவில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே தம்பி, அப்போது நான் வருத்தப்படவில்லை என்றா நினைத்தாய்?"

முயல் இன்னும் கொஞ்சம் நெருங்கி, கரடியின் வயிற்றில் சாய்ந்துகொண்டது.

நீதி: பல்லைத் தேய்த்தவுடன் நாக்கையும் வழியுங்கள், நண்பனின் குறை தெரிந்தால் எழுந்து போகாமல் அவனிடமே சொல்லுங்கள்.