முழுச் சொல்லுக்கு மூச்சு

சிறுத்தை திரிகிற ஒரு காட்டில் நின்று பேச யாருக்குத் தைரியம் வரும்? நின்றவர் வாயை மூடுவதற்குள் சிறுத்தை வாயைத் திறந்துவிடும். அதனால் அங்கே பேரம் எல்லாம் ஓடிக்கொண்டேதான்.

அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. மருதமரத்தடியில் ஓட்டம் தொடங்கும். மேட்டு உச்சியில் இருக்கும் வெள்ளைப்பாறையைத் தொட்டுவிட்டால் பேரம் கலைந்துவிடும். அதற்குள் ஓடுகிற இருவரில் யாரும் விலை கேட்கலாம். கேட்ட விலை பிடித்தால் "கட்டுப்படியாகும்" என்று சொல்ல வேண்டும். பிடிக்காவிட்டால் "கட்டுப்படியாகாது" என்று முழுதாகச் சொல்ல வேண்டும். வழியில் நின்றவரும், பாதிச் சொல்லில் விட்டவரும் சம்மதித்தவர்கள். ஓடவே வராதவரும் அப்படித்தான். மேலே பறந்துகொண்டே சாட்சி கேட்க ஒரு கரிச்சான் குருவி இருந்தது. நாணயமான பறவை. காதில் விழுந்ததற்கு மேல் ஓர் எழுத்தும் சேர்க்காது.

அந்த மருதமரத்துப் பொந்தில் ஒரு சருகுமான் குடியிருந்தது. முயல் அளவு மான். ஒரு நொடி சும்மா இருக்காது. காது துடிக்கும், கால் உதறும், இலை அசைந்தால் பாயும். பாய்ச்சல் என்றால் கடுகு தெறித்த மாதிரி. ஆனால் இருபது பாய்ச்சலுக்கு மேல் தாங்காது, நாக்குத் தள்ளிவிடும். பக்கத்து அத்திமரத்தடி அதன் பங்கு. அங்கே உதிர்கிற பழம்தான் அதற்குச் சாப்பாடு.

இதையெல்லாம் ஒரு நரி பார்த்து வைத்திருந்தது. ஒருநாள் காலையில் வந்து, அத்திமரத்தடியைக் கொடுத்தால் ஒரு நாவற்கொட்டை தருவதாகச் சொல்லி ஓடத் தொடங்கியது.

ஒரு மரத்து நிழலும் பழமும் ஒரு கொட்டைக்கா? சருகுமானுக்குக் கோபம் தலைக்கேறியது. பிய்த்துக்கொண்டு பறந்தது. நரி அவசரப்படவில்லை, லொங்கு லொங்கென்று பின்னாலேயே வந்தது. வழியோரத்து நாலாவது புதரில் சருகுமானின் விலா படபடவென்று அடித்துக்கொண்டது.

"கட்டுப்படியா..." என்றது. அதற்கு மேல் மூச்சு வரவில்லை.

"ஆகும்," என்று முடித்து வைத்தது நரி.

"பாதிச் சொல். சம்மதம்," என்றது கரிச்சான்.

நரி நாவற்கொட்டையைத் துப்பிவிட்டுச் சொன்னது: "பழம் தீரட்டும் தாயி. முதல் மழைக்கு முன்னால் பொந்துக்கும் வருகிறேன். அதுவரை உடம்பைப் பார்த்துக்கொள்."

பொந்து போனால் என்ன மிச்சம்? மேலே மழை, கீழே சிறுத்தை, நடுவே வெட்டவெளி. சருகுமானுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாளே பாறை வரை ஒரே மூச்சில் ஓடிவிடுவது என்று பாய்ந்தது. நாலாவது புதரில் விழுந்தது. எழுந்து திரும்ப வந்து மறுபடி பாய்ந்தது. மறுபடி அதே புதர். உச்சிவெயில் வரை இப்படியே விழுந்து எழுந்ததில், கால் நாலும் கட்டையாகிவிட்டன.

"பாறை எங்கும் போய்விடாது. நீதான் போய்ச் சேர்ந்துவிடுவாய் போலிருக்கிறது," என்றது கிளையில் பேன் பார்த்துக்கொண்டிருந்த மந்தி.

மூன்று நாள் பொந்துக்குள்ளேயே புரண்டது. படுக்கவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை. நாலாம் நாள் வெளியே வந்தபோது பாய்வதற்குக் காலில் தெம்பு இல்லை. மெதுவாகத்தான் ஓட முடிந்தது. அந்த எரிச்சலில் நரியை வாய்விட்டுத் திட்டத் தொடங்கியது.

"கொட்டை கொடுத்துக் கொள்ளையடித்தவனே, உன் வாலில் ஈர் பிடிக்க, உன் ஊளைக்குத் தொண்டை கட்ட, நீ படுக்கிற இடமெல்லாம் நெருஞ்சி முளைக்க..."

வசவு முடியவே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் ஏழாவது புதர்!

சந்தோஷத்தில் ஒரு துள்ளு துள்ளியது. உடனே மூச்சு அறுந்தது, வசவும் அறுந்தது. சருகுமான் நடந்தது. நடக்க நடக்க வசவு திரும்பி வந்தது. வசவு வந்ததும் மறுபடி ஓடியது. அதற்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

அன்றிலிருந்து அதுதான் கணக்கு. முழு வசவு வந்தால் ஓட்டம். பாதியில் அறுந்தால் நடை. ஒருநாள் ஒரு புதர் கூடும், ஒருநாள் கூடாது. குளம்பு வலித்த நாளில் கால் அரித்தாலும் பொந்தை விட்டு வராமல் கிடந்தது. ஓடாமல் கிடப்பதுதான் அதற்கு ஓடுவதைவிடப் பெரிய பாடாக இருந்தது. போகிற வழியில் கிடைத்த தளிரும் காயும்தான் சாப்பாடு. மாதம் திரும்புவதற்குள் மந்திக்கு அந்த வசவெல்லாம் மனப்பாடம்.

நரியோ அத்திமரத்தடியை விட்டு நகரவில்லை. விழுகிற பழத்துக்குப் படுத்தபடியே வாயைத் திறந்தது. வயிறு தரையைத் தொட்டது.

மேற்கே மேகம் கறுத்தது. நரி எழுந்து வந்தது. பொந்துக்கு ஒரு முள்ளம்பன்றி முள் என்றது. ஓட்டம் தொடங்கியது.

பாய விடு, பாய விடு என்று கால் கெஞ்சியது. சருகுமான் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகவே ஓடியது.

நாலாவது புதர். "கட்டுப்படியாகாது, அண்ணாச்சி," என்றது.

நரியின் காது நிமிர்ந்தது. இரண்டு முள் என்றது. கட்டுப்படியாகாது என்று பதில் வந்தது. பத்தாவது புதரில் நரிக்குப் பொறுமை போய்விட்டது. முந்திப் பாய்ந்து, திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

"இதுதான் ஓட்டமா தாயி? நத்தை வந்தால் வழி விடு. மூன்று முள்!"

சருகுமானுக்குச் சுருக்கென்று தைத்தது. தன்னை மறந்து நாலு பாய்ச்சல் பாய்ந்துவிட்டது. "கட்டுப்படி..." என்று தொடங்கும்போதே நெஞ்சு அடைத்தது. கரிச்சான் தாழ்ந்து வந்தது.

சருகுமான் சட்டென்று நடைக்கு இறங்கியது. ஓர் அடி. இன்னோர் அடி. எச்சிலை விழுங்கி, "...யாகாது," என்று முடித்தது.

நின்றுவிட்டது, நின்றுவிட்டது என்று நரி கத்தியது.

"நடக்கிறது. நிற்கவில்லை," என்றது கரிச்சான்.

மேடு செங்குத்தானது. முந்தி ஓடிய வீறாப்பெல்லாம் நரிக்கு இப்போது வயிற்றில் கனத்தது. நாலு முள் என்றது. பிறகு வெறும் நாலு என்றது. பிறகு எண்ணைக்கூடச் சொல்ல முடியாமல் தலையை ஆட்டியது. ஒவ்வொன்றுக்கும் கட்டுப்படியாகாது என்று முழுப் பதில் வந்தது. சருகுமான் மறுபடி ஓட்டத்துக்கு வந்து அதன் பக்கத்தில் சேர்ந்துகொண்டது. பாறை இருபது அடியில் தெரிந்தது.

"இப்போது நான் கேட்கிறேன் அண்ணாச்சி," என்றது. "அத்திமரத்தடியைக் கொடு. விலை ஒரு நாவற்கொட்டை. நீ கொடுத்த அதே கொட்டை."

நரி பாறையைப் பார்த்தது. வாயைத் திறந்தது.

"கட்டுப்படியா..."

நாக்கு வெளியே தொங்கியது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

"ஆகும்," என்றது சருகுமான்.

"பாதிச் சொல். சம்மதம்," என்றது கரிச்சான்.

சருகுமான் பாறையைத் தொட்டுவிட்டுப் பொந்துக்கு இறங்கி ஓடியது; கொட்டையைக் கவ்விக்கொண்டு மறுபடி மேடேறி வந்தது. நரி அதே இடத்தில் இரைத்துக்கொண்டு கிடந்தது. அதன் மூக்குக்கு நேரே கொட்டையை வைத்துவிட்டு, முதல் தூறலில் நனைந்தபடி, சருகுமான் வீட்டைப் பார்த்து ஓடியது. மெதுவாகத்தான்.

நீதி: மூச்சை மிச்சம் வைத்து ஓடுகிறவருக்கே கடைசிச் சொல் சொந்தம்.